பக்கத்தில் உட்கார ஓர் அக்கா

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தமிழ்ப் பாடநூலைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பாடம் முழுவதையும் தங்குதடையின்றிப் படித்தாள். குரல் கணீரென்று இருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்; வியப்புக்குறி வரும் இடத்தில் வியந்தாள். “இவளுக்கு நான் என்ன உதவி செய்யப் போகிறேன்?” என்று எண்ணியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் பக்கத்தைப் புரட்டவே இல்லை. அடுத்த பக்கத்து வரிகள் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. கண்களோ முதல் பக்கத்துப் படத்தின் மேலேயே நின்றன. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “இது என்ன பாப்பா?” என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், “மாடு” என்றாள். அங்கே அச்சிட்டிருந்த சொல் ‘பசு’.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஆண்டு மலரில் ஒரு படி அவளுடைய பள்ளிக்கும் போகும். எழுத்துக்கூட்டி இதை அவளே படித்துவிடக்கூடிய நிலை இப்போது வந்துவிட்டது. ஆகவே ‘என் சிறுமி’ என்று மட்டும் சொல்கிறேன்.

நம் பள்ளியின் பின்வாசல் வழியே நடந்தால், மீனவர் குடியிருப்பை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பள்ளித் தலைமையாசிரியை நம் தலைமையாசிரியைச் சகோதரியிடம் வந்தார்கள். ஐந்து வகுப்புகளையும் இரண்டே ஆசிரியைகள் பார்த்துக்கொள்வதாகவும், மூன்று, நான்காம் வகுப்புகளில் சில பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுவதாகவும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை என்றும் சொன்னார்கள். சமூக சேவைக் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் கை உயர்த்தினோம். (வகுப்பை விட்டு வெளியே போகலாம் என்ற ஆசையும் அதில் இருந்தது என்பதை மறைப்பானேன்?) செவ்வாய், வியாழன் இரு நாட்களிலும் கடைசிப் பாடவேளையில் சென்று, ஆளுக்கொரு பிள்ளையுடன் அரைமணி நேரம் உட்கார வேண்டும். பாடம் நடத்துவது எங்கள் வேலை அன்று. அதற்கு ஆசிரியைகள் இருக்கிறார்கள். பிள்ளை வாசிக்க வேண்டும், நாங்கள் கேட்க வேண்டும். அவ்வளவே.

அவ்வளவே என்று எழுதிவிட்டேன். ஆனால் முதல் மாதத்திலேயே நாங்கள் செய்யாத தவறில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் விரிக்க வேண்டும் என்று நினைத்தது முதல் தவறு. அதைக் கண்ட அப்பள்ளித் தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, ஒரு தாளை நான்காக மடித்துக் காட்டினார்கள். ஒரு மடிப்பில் தனி எழுத்துகள். அடுத்ததில் சிறு சொற்கள். மூன்றாவதில் முதல் வகுப்புக்குரிய நான்கு வாக்கியங்கள். கடைசியில் இரண்டாம் வகுப்புக்குரிய ஒரு சிறு கதை. பிள்ளை எந்த மடிப்பில் தயங்கி நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். வயது எட்டு என்பதோ, வகுப்பு மூன்று என்பதோ இங்கே கணக்கில்லை.

இந்த நான்கு படிச் சோதனை அவர்கள் கற்பனை அன்று. 1995-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பெற்ற பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் உருவாக்கியது. 2005 முதல் ஏசர் என்ற பெயரில் நாடெங்கும் ஊர்ப்புற வீடுகளுக்குத் தொண்டர்கள் சென்று, பிள்ளைகளை இதே முறையில் வாசிக்கச் சொல்லிக் கணக்கெடுத்து வருகிறார்கள். 2018-இல் இந்திய ஊர்ப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தது. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2022-இல் அது நூற்றுக்கு 43-க்கும் கீழே இறங்கியது. 2024-இல் ஏறக்குறைய 49-க்குத் திரும்பியது. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க இயலவில்லை என்றால், அந்தப் பாதிப் பேர் வரலாறும் அறிவியலும் எப்படிப் படிப்பார்கள்? மனப்பாடம்தான். என் சிறுமி செய்ததும் அதுதான். பக்கத்துப் பிள்ளைகள் உரக்கப் படிப்பதைக் காதால் பிடித்து, அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். அவள் மந்தமான பிள்ளை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நம்மில் எத்தனை பேரால் ஒரு பாடம் முழுவதையும் காதால் மட்டும் கேட்டு ஒப்பிக்க முடியும்?

அந்தச் சோதனையில் என் சிறுமி இரண்டாம் மடிப்பில் நின்றாள். எழுத்துகள் பெரும்பாலும் தெரியும். அவை சேர்ந்து சொல்லாகும்போது கண்கள் மிரளும்.

ஏன் மிரளுகிறது என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. நமக்கு வாசிப்பு மூச்சு விடுவது போல ஆகிவிட்டதல்லவா? அவளுடன் உட்கார்ந்தபோதுதான் நம் தமிழ் எழுத்தை ஒரு சிறு பிள்ளையின் கண்ணால் பார்த்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று இலக்கண வகுப்பில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ‘கெ’ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் பின்னால் நிற்கிறது. ஒலிக்கும்போதோ ககர மெய் முதலிலும் எகரம் அடுத்தும் வருகின்றன. கண் முதலில் பார்ப்பதை வாய் பின்னால் சொல்ல வேண்டும்! ‘கொ’ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஓர் ஒலியாக்க வேண்டும். அந்தத் துணைக்காலும் ‘ர’ என்ற எழுத்தும் அச்சில் ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கின்றன. ஒரு நாள் ‘கொடி’ என்ற சொல்லைக் காட்டினேன். “கெ... ர... டி” என்று கூட்டிவிட்டு, “கரடி!” என்று மகிழ்ச்சியுடன் கூவினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்திருக்கக் கூடாது. அதன்பின் அன்று அவள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். அவள் கூட்டியதில் ஓர் ஒழுங்கு இருந்தது. கொம்பு போட்ட ககரம் ‘கெ’, அடுத்து ‘ர’ போல் ஒன்று, பிறகு ‘டி’. அவள் கண் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

உகர வரிசை எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது. கு, சு, மு, து என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. ‘கௌ’ என்று எழுதினால் கடைசியில் நிற்பது ளகரம் போலவே தோன்றும். கௌதாரி கெளதாரி ஆகிவிடும். இது போதாதென்று ஒரே எழுத்துக்கு இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன? சங்கு, பஞ்சு, அச்சம் மூன்றிலும் சகரம் மூன்று விதம். இவற்றை யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. சொல் தெரிந்திருப்பதால் ஒலி தானே வருகிறது. சொல் தெரியாத பிள்ளைக்கு அது வராது.

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிடும் வரை ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற சுழியுடன்தான் எழுதி வந்தார்கள். என் பாட்டி பலசரக்குக் கடைச் சீட்டில் இன்றும் ‘வெண்ணை’, ‘தலை’ என்றெல்லாம் துதிக்கை வைத்தே எழுதுவார்கள். அவர்கள் எழுதிய சீட்டைப் படிக்க நான் திணறும்போதெல்லாம் என் சிறுமியின் நினைவு வந்துவிடுகிறது.

எழுத்துச் சிக்கலைக் கடந்தாலும் இன்னொரு மதில் இருக்கிறது. பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் வேறு. புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. “போயிட்டிருந்துச்சு” என்று பேசுகிறவளுக்குப் புத்தகம் ‘போய்க்கொண்டிருந்தது’ என்று நீட்டுகிறது. எண்ணிப் பாருங்கள், பத்து எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்து போகிறது. சொல்லே மறந்து போனால் வாக்கியத்தின் பொருள் எங்கே நிற்கும்? மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்குக் கதை புரியாததன் காரணம் இதுதான். ஆகவே அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, தெரிந்த சொற்களை மீண்டும் மீண்டும் பார்த்துக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது. அப்படிப் பழக்க ஒரு வகுப்புக்கு 35 பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியைக்கு நேரம் ஏது? பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் முடியும்.

எங்களுக்குக் கற்றுத் தரப்பட்ட முறை மிக எளியது. பிள்ளை தடுமாறினால் உடனே சொல்லித் தராமல் மனத்துக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். ஐந்து எண்ணுவது எவ்வளவு நீண்ட நேரம் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் நான்கிலேயே பிள்ளை தானாகச் சொல்லிவிடும். ஐந்துக்கு மேலும் நின்றால் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். படம் இருந்தால் முதலில் கையால் மூடிவிட வேண்டும். படித்து முடித்தபின் படத்தைப் பரிசாகக் காட்டலாம். ‘பசு’வை ‘மாடு’ என்று படித்த சிறுமிக்கு இது மிகவும் உதவியது.

எழுத்துகளை மணலில் எழுதச் சொன்னோம். கடற்கரைப் பிள்ளைகளுக்கு மணலுக்கா பஞ்சம்? ஒரு பழைய தட்டில் மணலைப் பரப்பி, விரலால் கொம்பு போட்டு, ககரம் எழுதி, கால் வைத்து, வாயால் “கொ” என்று சொல்ல வேண்டும். இதைப் பார்த்த நம் சகோதரி ஒருவர், “நீங்கள் செய்வது புதிதென்று நினைக்காதீர்கள். இங்கிருந்து இங்கிலாந்துக்கே போன முறை இது” என்று சொல்லி ஒரு வரலாற்றைக் கூறினார்கள். எனக்கு அது பெரிய வியப்பாக இருந்தது. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் 1796 வரை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பள்ளிக்குப் பொறுப்பாளராக இருந்தார். ஒரு காலைப் பொழுதில் குதிரையில் செல்லும்போது, ஒரு ‘மலபார்’ பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அக்காலத்து ஆங்கிலேயர் தமிழையும் ‘மலபார்’ என்றே அழைத்தனர். அவர் கண்டது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத்தான். அதே முறையைத் தம் பள்ளியிலும் கைக்கொள்ளுமாறு பெல் கூறினார். அங்கிருந்த ஆசிரியர்களோ அது நடவாது என்று மறுத்தனர். உடனே அவர் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனை அழைத்து, எழுத்துப் படிக்கும் சிறு பிள்ளைகளின் வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாது என்றதை எட்டு வயதுப் பையன் செய்து காட்டிவிட்டான்! பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லித் தருவதும் நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பானே, அவன் வேலையே அதுதான். பெல் தாயகம் திரும்பி 1797-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். நம் ஊர்த் திண்ணையின் பெயரை அங்கே ஒரு பள்ளி தாங்கி நிற்கிறது!

ஆனால் ஒன்று. இங்கிலாந்தில் இம்முறையை மலிவாகப் பெருக்கப் பார்த்தார்கள். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரே ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள் என்று நடத்தினார்கள். கூச்சலும் ஒப்பித்தலுமாக அது முடிந்தது. பின்னர் வந்தவர்கள் அதைக் கைவிட்டனர். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அவள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுகொள்ளும் வரையில்தான் சட்டாம்பிள்ளையால் பயன் உண்டு என்பது என் கருத்து. முப்பது பிள்ளைகளை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் பிரம்பைத்தான் தேடியிருப்பேன்.

இனி மீன் கதைக்கு வருகிறேன். என் சிறுமியின் ஆச்சி கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்பவர்கள். பாடநூலில் வரும் மயிலும் மானும் அவள் கண்ணால் காணாதவை. ஆனால் மீன்களின் பெயர் ஐம்பதாவது சொல்லுவாள். ஆகவே எங்கள் வீட்டில் சேர்ந்திருந்த பழைய கலியாண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தில் மீன் பெயர்களை எழுதி எடுத்துப் போனேன். சாளை, வாளை, சூடை, சீலா, ஊளி, நெத்திலி. அன்றுதான் அவள் முதன்முதலாக எழுத்தைப் பார்த்துப் படித்தாள். ‘சாளை’யும் ‘வாளை’யும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன என்பதைத் தானே கண்டுபிடித்து, இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து விரலால் காட்டினாள். பிறகு ‘வாழை’ என்று ஓர் அட்டை எழுதி வைத்தேன். அதையும் “வாளை” என்றே படித்தாள். “இது மீன் இல்லை, மரம்” என்றேன். “வாளமரமாக்கா? அதுக்கு எதுக்கு இந்த எழுத்து?” என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, நானும் வீட்டில் “வாளப்பழம்” என்றுதான் சொல்கிறேன்! ழகரத்தை அவளுக்குச் சொல்லித் தருவதற்காக நான் கண்ணாடி முன் நின்று நாக்கை மடித்துப் பழகினேன்.

இன்னொரு நாள் ஒரு கதையில் ‘சிறுவன் பாறையின் மேல் ஏறினான்’ என்று வந்தது. தப்பில்லாமல் வாசித்துவிட்டு அவள் விழித்தாள். “பாறை மீன் மேல எப்படிக்கா ஏறுவான்? வழுக்குமே!” அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், இந்த முறை அவளும் சிரித்தாள். எனக்கோ அன்று சிரிப்பைவிட மகிழ்ச்சிதான் அதிகம். வாசித்த வரி அவளுக்குப் பொருளோடு போய்ச் சேர்ந்ததால்தானே இந்தக் கேள்வி வந்தது?

இனி நான் செய்த பெரிய தவற்றையும் சொல்லிவிட வேண்டும். அரையாண்டுத் தேர்வு வந்தது. படிக்க வேண்டும் என்று இரண்டு வாரம் போகவில்லை. பிறகு கிறிஸ்துமஸ் விடுமுறை. போகமாட்டேன் என்று முன்கூட்டி அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஜனவரியில் போனபோது அவள் வழக்கமான இடத்தில் இல்லை. தூணுக்குப் பின்னால் வேறு பிள்ளைகளுடன் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் வந்தாள். புத்தகத்தை விரித்தாள். கணீரென்ற குரலில் ஒப்பிக்கத் தொடங்கினாள், பழையபடி, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு. நிறுத்தச் சொன்னேன். “நீங்க வேற பிள்ளைக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சேங்க்கா” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். மீன் அட்டைகளைக் கேட்டேன். பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். விட்ட இடத்துக்குத் திரும்ப எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

வருவதும் வராமல் போவதும் இவ்வளவு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். உத்தரப் பிரதேசத்தில் ஜௌன்பூர் மாவட்டக் கிராமங்களில் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பிரதம் நிறுவனம் ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மாலை நேர வாசிப்பு முகாம்களை நடத்தச் செய்தது. 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ ஆகியோர் அந்த ஆய்வில் பங்கு கொண்டவர்கள். ஓர் எழுத்தும் தெரியாமல் முகாமுக்கு வந்த பிள்ளைகள் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார்கள்; எழுத்து மட்டும் தெரிந்து வந்தவர்களிலும் பலர் கதை வாசிக்க முன்னேறினார்கள். கற்பித்தவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர். சாதாரண ஊர்ப் பிள்ளைகள். ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முகாமுக்கு வரவில்லை! நல்ல முறை கையில் இருந்தும், பிள்ளையும் தொண்டரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து உட்காராவிட்டால் ஒன்றும் நடவாது.

நம் தமிழ்நாட்டிலும் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27-இல், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள்; பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், ஓர் ஆளுக்கு இருபது பிள்ளைகள் வரை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அவர்களில் ஒருவர். தம் வீட்டுத் திண்ணையில்தான் நடத்தினார்கள். நானே அப்போது அங்கே போய் உட்கார்ந்து பாட்டும் கதையுமாகப் படித்த பிள்ளைதான். அக்காலத்தில் மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழக ஊர்ப்புறங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதினார்கள்: பள்ளி மூடியதால் ஏற்பட்ட பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் ஈடுகட்டப்பட்டது, அப்படி மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அதில் சேர +2 தேறியிருக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு வயதும் இல்லை, படிப்பும் இல்லை. ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார அவ்வளவு தகுதி வேண்டியதில்லை என்பதை மட்டும் நாங்கள் கண்டுகொண்டோம்.

எல்லாப் பிள்ளைகளும் எங்களால் வாசித்துவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். எங்கள் பன்னிரண்டு பேரில் இருவர் இன்னும் சொற்களிலேயே நிற்கிறார்கள். என் தோழியிடம் படித்த சிறுவன் புத்தகத்தை மூக்குவரை கொண்டுபோவான். சோம்பேறி, விளையாட்டுப் பிள்ளை என்று அவள் நெடுநாள் கடிந்துகொண்டிருந்தாள். கண் பரிசோதனை முகாமில் அவனுக்குக் கண்ணாடி வேண்டும் என்று தெரிந்தது. கண்ணாடி போட்ட மறுவாரம் கரும்பலகையைப் பார்த்து அவனே படித்தான். அன்று என் தோழி அழுதுவிட்டாள். இன்னொரு சிறுமிக்கு நேற்றுப் படித்த எழுத்து இன்று நிற்பதில்லை. அவளுக்கு வேண்டியது சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியை. எங்கள் பொறுமை மட்டும் அதற்குப் போதாது. அதை அவளுடைய ஆசிரியையிடம் சொன்னோம். பெற்றோரிடம் அவர்கள் பேசியிருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். “பத்தாம் வகுப்புக்கு வந்தாயிற்று, இதெல்லாம் எதற்கு?” என்று என் அப்பாவும் கேட்டார்கள். காலாண்டுத் தேர்வில் அறிவியல் மதிப்பெண் குறைந்தபோது பழி முழுவதும் அந்தத் தொடக்கப் பள்ளியின் மேல் விழுந்தது. வாரத்துக்கு இரண்டு அரைமணி நேரம்தான் அங்கே போகிறேன். தொலைக்காட்சி முன் உட்காரும் நேரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை என்று நான் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார்கள். அப்பாவும் ஒரு வியாழக்கிழமை என்னை அழைக்க வந்தவர்கள், சன்னல் வழியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டில் மீதமிருந்த அழைப்பிதழ்களையெல்லாம் கட்டி என்னிடம் கொடுத்தார்கள்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்போம். இனிச் செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து ஏழு பேர் சகோதரியிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு இன்னும் ஆள் இல்லை. அந்த ஐந்தில் என் சிறுமியும் ஒருத்தி. அவள் இப்போது நான்காம் வகுப்பு. கதை மடிப்பை எட்டிவிட்டாள். ஆனால் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். சென்ற வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன், “இனி வேறு ஓர் அக்கா வருவார்கள்” என்று. “எப்ப?” என்று கேட்டாள். “செவ்வாய்க்கிழமை” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த அக்கா யாராக இருந்தாலும், அவளுக்குச் சில குறிப்புகள். அவளைச் சன்னல் ஓரம் உட்காரவை. தூண் பக்கம் வேண்டாம். படத்தை மூடிக்கொள். மிகச் சரளமாகப் படித்தால் ஐயப்பட்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேள். ‘கொ, கோ’ இப்போது தடுமாறுவதில்லை; ‘கௌ’ வரிசையில் இன்னும் இடறுவாள். வாளை, வாழை இரண்டையும் வாரம் ஒரு முறை கேள். மீன் அட்டைகள் அவளிடமே இருக்கின்றன, மொத்தம் 64. ‘திருக்கை’ அட்டை மட்டும் நனைந்து அழிந்துவிட்டது, புதிதாக எழுதிக் கொடு. ஒரு நாள் வர முடியாவிட்டால், முந்தின முறையே அவளிடம் சொல்லிவிடு.